கல்கியோடு நிறுத்துவதா, விக்கிரமனோடு தொடர்வதா?

இலங்கை மலையகத்தில், அட்டனிலோ பதுளையிலோ நாவல் பைத்தியம் உள்ள வீடுகளில், கல்கியின் சோழர் கால நாவல் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் முடிந்ததும் இந்தப் பேச்சு வரும். அடுத்து, அதன் தொடர்ச்சியாக விக்கிரமன் எழுதிய 'நந்திபுரத்து நாயகி'யை எடுப்பதா, கல்கி விட்ட இடத்திலேயே நின்றுவிடுவதா?

நின்றுவிடுபவர்களை எனக்குப் புரிகிறது. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கதை, சோழ இளவரசன் அருள்மொழி தன் கைக்கு வந்த முடியை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பதில் முடிகிறது. அதைவிட உயரமான இடம் எங்கே இருக்கிறது? அப்புறம், நம் பக்கத்து வாசகருக்கு ஒரு தனி ஒட்டுதலும் உண்டு. அந்த இளவரசனைத் தேடி, கதாநாயகன் வந்தியத்தேவன் தம்புள்ளை வரை வருகிறான். மாத்தளைக்காரருக்கு அது சொந்த மாவட்டம். (இன்னும் கொஞ்சம் மேலே ஏறி வந்திருக்கலாம் என்று எங்களுக்கு ஒரு குறை!) இத்தனை நெருங்கிய மனிதர்களை வேறொருவர் பேசவைத்தால் காதில் ஒட்டாது என்பதுதான் இவர்கள் பயம்.

தொடர்பவர்களின் பசி வேறு. வந்தியத்தேவனும் அருள்மொழியின் அக்கா குந்தவையும் பிறகு என்ன ஆனார்கள்? கல்கியின் முடிவுரைச் சுருக்கம் அவர்களுக்குப் போதாது, கதையாகவே வேண்டும். நியாயம்தான். ஆனால் கல்கியின் குறும்பை விக்கிரமனிடம் தேடக்கூடாது. தனி நாவலாக எடுத்தால் சரி.

என் ஓட்டு தொடர்வதற்கே, ஆனால் ஒரு சில மாதம் ஆறவிட்டு. சென்னைப் புத்தகம் மலையேறும்போது விலையும் ஏறும் என்பதால் முதலில் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.