காற்றுப் புகாத பையில் பயறு: பல பருவம் புழங்கிய பிறகு

தட்டப்பயறு, மொச்சை, துவரை மூன்றையும் வீட்டுச் சாப்பாட்டுக்கோ விதைக்கோ எடுத்து வைப்பவர்கள் இந்தப் பையைத் தாராளமாக வாங்கலாம். மக்காச்சோளத்துக்கு என்றால் கொஞ்சம் யோசிக்கணும். ஆத்தூர், கெங்கவல்லி பக்கத்து மக்காச்சோளம் நிறையவே களத்திலிருந்து நேராக நாமக்கல் கோழித்தீவனத்துக்குப் போய்விடும். அடித்த கையோடு விற்பவருக்கு இந்தச் செலவு தேவையில்லை.

பையின் அமைப்பு எளிதானதுதான். உள்ளே 80 மைக்ரான் தடிமனில் இரண்டு பாலித்தீன் பைகள், வெளியே வழக்கமான பிளாஸ்டிக் சாக்கு. 1980களின் பிற்பகுதியில், கேமரூனின் தட்டப்பயறு விவசாயிகளுக்காக அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய முறை இது. மருந்து எதுவும் கிடையாது. உள்ளே மாட்டிய வண்டும் புழுவும் இருக்கிற ஆக்சிஜனைத் தாங்களே தீர்த்துவிடும். பிறகு தின்ன முடியாது, பெருக முடியாது, உடம்பில் நீர் வற்றிச் சாகும்.

பயறுவண்டு காட்டிலேயே காய்மேல் முட்டை வைத்துவிடுகிறது. அதனால் பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் பயறுக்குள்ளும் புழு இருக்கும். காய்ந்ததும் நாள் கடத்தாமல் கட்டிவிடுங்கள். சாக்கில் ஒரு மாதம் கிடந்து ஓட்டை விழுந்த பிறகு மாற்றினால் வண்டு சாகும், ஆனால் போன பயறு போனதுதான்.

கெட்டுப்போகிற பைகளில் முக்கால்வாசி ஈரத்தால்தான் கெடுகிறது. பை தானியத்தைக் காய வைக்காது. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியே இல்லை. மக்காச்சோளம் 13 சதவீதத்துக்கும், பயறு 12 சதவீதத்துக்கும் கீழே வரணும். ஈரமானி இல்லாதவர்கள் உப்பை வைத்துப் பார்க்கலாம்: பொடியுப்பை வாணலியில் வறுத்து ஆறவிட்டு, காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் தானியத்தோடு போட்டுக் குலுக்கி, கால்மணி நேரம் வையுங்கள். கண்ணாடியில் உப்பு ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டவில்லை என்பதற்காக உடனே கட்டிவிடாதீர்கள். 15க்கும் 12க்கும் இடையில் இருப்பதை உப்பு காட்டாது. இன்னும் ஓரிரு நாள் வெயிலில் போட்டு, பல்லில் வைத்தால் பயறு நசுங்காமல் ‘டக்’கென்று உடைகிறதா பாருங்கள். ஈரத்தோடு கட்டினால் திறக்கும்போது புளிச்ச வாடை அடிக்கும். அந்த மக்காச்சோளத்தை மாட்டுக்கும் போடவேண்டாம், பூஞ்சண நஞ்சு இருக்கலாம்.

உச்சி வெயிலில் கொதிக்கிற தானியத்தை அப்படியே கட்டுவதும் தப்பு. சூடு ஆறும்போது பையின் உள்பக்கம் வியர்த்து, மேலடுக்கு பூசணம் பிடிக்கும்.

கட்டும் முறை: முதலில் உள்பை இரண்டிலும் காற்றை அடைத்து, வாயை முறுக்கி அமுக்கிப் பாருங்கள். ஓட்டை இருந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும். நிரப்பும்போது குலுக்கிக் குலுக்கி நிரப்பணும். அரைப்பையாக விட்டால் மிஞ்சிய காற்றில் வண்டு இன்னும் பல நாள் தாக்குப்பிடிக்கும். ஒரு சாண் வாய் விட்டு, காற்றைப் பிதுக்கி, இறுக முறுக்கி, மடித்து, ரப்பர் பட்டையால் கட்டுங்கள். இரண்டாவது உள்பை, சாக்கு, இரண்டையும் அதேபோல் தனித்தனியாகக் கட்டணும். மூன்றையும் சேர்த்து ஒரே கயிற்றில் கட்டினால் காற்று புகும்.

முதல் 40 நாள் திறக்கவே வேண்டாம். அடிக்கடி எடுத்துச் சமைப்பதற்கு வேண்டியதைத் தனியாக ஒரு சின்னப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டை பல வழியில் விழும். துவரை மிளாறின் கூரான துணுக்கு குத்தும், ஆகவே புடைக்காமல் போடக்கூடாது. வெளியே வரும் வண்டு உள்பையைத் துளைப்பதும் உண்டு. இரண்டு உள்பை வைத்திருப்பதே அதற்குத்தான். எலிக்கு இது தடையில்லை. செங்கல்மேல் பலகை போட்டு, சுவரிலிருந்து தள்ளி அடுக்குங்கள். மூட்டை தூக்க வருபவர்களிடம் கொக்கி போடவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரே குத்தில் மூன்று அடுக்கும் போய்விடும்.

ஏற்காட்டு மேலே மிளகுக்கும் இந்தப் பை நல்ல துணை. பனி இறங்கினால் காய்ந்த மிளகு ராத்திரியிலேயே ஈரம் இழுத்துக்கொள்ளும். 11 சதவீதத்துக்குக் காய்ந்ததை, சாயங்காலம் சூடு தணிந்ததுமே வீட்டுக்குள் வைத்துக் கட்டிவிட்டால் அந்த ஈரம் சேராது. ராத்திரி முழுக்க ஆறட்டும் என்று மலைமேல் விடக்கூடாது.

பையில்லாமல் பழைய முறைப்படி செம்மண் கட்டிய துவரையும் நன்றாகவே நிற்கும், அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது வண்டைக் கொல்ல வீட்டுக்குள் வைக்கிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைக்கு. அந்தப் புகை தூங்குகிறவர்களைக் கொல்லும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் அதை நுழையவே விடாதீர்கள்.

பார்த்துப் புழங்கினால் ஒரு பை மூன்று பருவம் வரும். ஓட்டை விழுந்த உள்பையை மறுபடி தானியத்துக்கு எடுக்காமல், உள்பையை மட்டும் புதிதாக வாங்கிப் போட்டால் போதும்; வெளிச்சாக்கு அதற்குப் பிறகும் தாங்கும்.