மாடியில் ஓர் அறை: கட்டிட அனுமதி பெற்று நான்கு ஆண்டுகள் கழித்து

2021-ல் எங்கள் வீட்டு மாடியில் குளியலறையோடு சேர்த்து 240 சதுர அடியில் ஓர் அறை கட்டினோம். முறைப்படி அனுமதி வாங்கித்தான் கட்டினோம். "ஓர் அறைக்கெல்லாமா நகராட்சிக்கு அலைவார்கள்?" என்று தெருவில் கேட்காதவர்கள் இல்லை. அலையத்தான் வேண்டும் என்பேன். அதன் பலன் கட்டும்போது தெரிந்ததைவிட, குடிபுகுந்த பிறகு தெரிந்ததே அதிகம்.

வெள்ளையடிப்பது, பூச்சு வேலை, ஜன்னல் மாற்றுவது போன்ற சிறு வேலைகளுக்கு அனுமதி தேவையில்லை. சுவர் எழுப்பித் தளம் போட்டு வீட்டின் பரப்பைக் கூட்டினால், அது ஓர் அறையே ஆனாலும் அனுமதி வேண்டும். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள்தான் இதற்கு அடிப்படை.

பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, புல வரைபடம், சொத்து வரி ரசீது எல்லாம் எளிதாகக் கிடைத்துவிட்டன. பழைய வீட்டுக்கு அனுமதி இருக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி. அப்பா வீடு கட்டிய 1998-ல் எங்கள் பகுதி ஊராட்சியில் இருந்தது. நகராட்சியோடு சேர்ந்தது பிறகுதான். ஊராட்சி முத்திரை பதித்த அந்தப் பழைய வரைபடத்தை அப்பா பத்திரங்களோடு மடித்துப் பத்திரமாக வைத்திருந்தார். மடிப்புகளில் கிழிந்து, நீல நிறம் வெளுத்துப் போயிருந்த அந்தத் தாள் இல்லையென்றால் எங்கள் விண்ணப்பம் தொடக்கத்திலேயே நின்றிருக்கும். மனையே அங்கீகாரமில்லாத மனைப்பிரிவில் இருந்தால் கதை வேறு. அங்கீகாரமில்லாத மனைகளை முறைப்படுத்த 2017-ல் அறிவித்த வரன்முறைத் திட்டத்தில் மனையை வரன்முறை செய்த ஆணை கையில் இல்லாமல் கட்டிட அனுமதிக்குப் போவதில் பயனில்லை.

உரிமம் பெற்ற பொறியாளர் முதலில் செய்தது, இருக்கிற வீட்டை மூலைக்கு மூலை அளந்ததுதான். புதிதாகக் கட்டுவது சிவப்பில், இடிக்க வேண்டியது மஞ்சளில் என்று வரைந்தார். பின்பக்கம் விறகுக்கும் பழைய சாமான்களுக்கும் போட்டிருந்த தகரக் கொட்டகை மஞ்சளுக்குப் போனது. அம்மாவுக்கு அதில் மனமே இல்லை. மனை 1,800 சதுர அடி. மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீடு 2 என்பதால் 3,600 சதுர அடி வரை இடமுண்டு. பரப்பில் எங்களுக்குச் சிக்கலே இல்லை. சிக்கல் மாடிப்படியில் வந்தது. வெளிப்புறமாக, பக்கத்துச் சந்தில் படி வைக்கலாம் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். நேரில் வந்த நகரமைப்பு ஆய்வாளர் டேப்பின் ஒரு முனையை மதில் சுவரிலும் மறுமுனையை வீட்டுச் சுவரிலும் பிடித்துப் பார்த்துவிட்டு, படி வந்தால் பக்க இடைவெளி போதாது என்றார். முன்பக்கத் திண்ணையைச் சுருக்கிப் படியை அங்கே கொண்டுவந்தோம். இன்று அந்தச் சந்து வழியாகத்தான் கழிவுநீர்க் குழாய் அடைப்பை எடுக்க ஆள் போக முடிகிறது. இடைவெளி விதியின் அருமை எனக்கு அப்போதுதான் புரிந்தது.

என் மனத்தாங்கல் ஒன்றே ஒன்றுதான். குறைகளை மொத்தமாகச் சொல்ல மாட்டார்கள். மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி வரைபடத்தில் தெளிவாக இல்லை என்று ஒருமுறை திரும்பி வந்தது. அதைச் சரிசெய்து அனுப்பினால், சாலையின் அகலத்தைக் குறிக்கவில்லை என்று மறுபடியும் திரும்பியது. இரண்டுமே நியாயமான குறைகள். ஒரே தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் வேலை எவ்வளவோ முன்னதாக முடிந்திருக்கும்; கட்டுமானச் செலவு ஏறிக்கொண்டே போகும் காலத்தில் இந்தத் தாமதம் குடும்பங்களைத்தான் வாட்டுகிறது.

பழைய சுவர் புதிய பாரத்தைத் தாங்குமா என்பதற்கு அனுமதித் தாளை நம்பியிருக்கக் கூடாது. அது நாம் பார்த்துக்கொள்ள வேண்டியது. எங்களுடையது தூண் இல்லாத, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் தாங்கும் வீடு. பொறியாளர் சுவரோரம் குழி தோண்டச் சொல்லி, அடித்தளத்தின் ஆழத்தையும் அகலத்தையும் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டார். மாடி அறையின் சுவர்கள் கீழ்ச் சுவர்களுக்கு நேர் மேலே வரும்படி அறையை இரண்டடி நகர்த்தினார். அவருக்குக் கொடுத்த பணம் ஒவ்வொரு ரூபாயும் தகும்.

இனி, கட்டிய பிறகு நடந்தவை. பக்கத்து வீடு கைமாறியதும், எங்கள் மாடி விதிமீறல் என்று புதிதாக வந்தவர் புகார் கொடுத்தார். விசாரிக்க வந்தவரிடம் அனுமதியையும் வரைபடத்தையும் காட்டினோம். அளந்து பார்த்தார், சரியாக இருந்தது, போய்விட்டார். தங்கை மகளின் படிப்புக்காக வீட்டை அடமானம் வைத்தபோது வங்கியின் மதிப்பீட்டாளர் முதலில் கேட்டது அங்கீகரித்த வரைபடத்தைத்தான். அது இருந்ததால் மாடி அறையும் மதிப்பில் சேர்ந்தது.

சொத்து வரி கூடும். அதை மனத்தில் வைத்தே பரப்பை முடிவு செய்யுங்கள். எங்கள் வீடு 1,050 சதுர அடியாக இருந்தது, அறையோடு 1,290 ஆனது. 2022 ஏப்ரலில் வரியைச் சீரமைத்தபோது நகராட்சிகளில் 601 முதல் 1,200 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 50 சதவீதமும், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதமும் உயர்த்தினார்கள். அந்த 90 சதுர அடி எங்களை அடுத்த படிக்குத் தள்ளிவிட்டது. ஆனாலும் வருத்தமில்லை; வயதான மாமியாருக்குக் கீழே தனி அறை கிடைத்திருக்கிறது.

2024 ஜூலையில், வரைபடம் விதிப்படி இருக்கிறது என்று விண்ணப்பிப்பவரே உறுதி கூறும் சுயசான்று முறை வந்துவிட்டது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதோடு ஒரு மாடியோ உள்ள வீட்டுக்கு இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். பழைய வீட்டின் மேல் எழுப்புகிறவர்கள், தங்கள் வேலைக்கு அது பொருந்துமா என்று பொறியாளரிடம் கேட்டுவிட்டு, பழைய வரைபடத்தை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.