கடலில் தோற்றவனுக்கு அடுத்த வழி இருக்கிறதா? ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 மேப்களோடு சில வருட அனுபவம்

சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கெல்லாம் நாங்கள் நாலு பேரும் ஆட்டத்தில் உட்கார்ந்துவிடுவோம். நான், மாமா பையன்கள் இரண்டு பேர், கல்லூரியில் என்னோடு படித்த நண்பன் ஒருவன். ஆட்டம் என்றால் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, ஊர் கட்டி, வளம் சேர்த்து, படை திரட்டி எதிரியை வீழ்த்தும் கணினி விளையாட்டு. அதன் புதுப்பித்த பதிப்பான டெஃபினிட்டிவ் எடிஷன் 2019 நவம்பரில் வந்தது. அந்த டிசம்பரில் ஆரம்பித்த பழக்கம் இன்னும் விடவில்லை. பெரும்பாலும் இரண்டுக்கு இரண்டு. ஆள் குறைந்த நாளில் ஒருவருக்கு ஒருவர். இத்தனை நாளில் எங்களுக்குள் அதிகம் வாக்குவாதம் நடந்தது எந்த மேப் (ஆடும் களம்) போடுவது என்பதில்தான். படையும் நாகரிகமும் அவரவர் விருப்பம், அதில் பேச்சே எழாது.

பெரிய மச்சானுக்குக் குதிரைப்படை வேண்டும். நிலம் திறந்து கிடந்தால் அவரைப் பிடிக்க முடியாது. சின்னவன் நேர் எதிர். பள்ளி நாளில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கு போட்டு இதன் பழைய பதிப்பான ஏஜ் ஆஃப் கிங்ஸ் ஆடியபோதே முதலில் டாக் (கப்பல் கட்டும் தளம்) கட்டிவிட்டுத்தான் வீடு கட்டுவான். இவர்கள் இருவருக்கும் ஒரே ஆட்டத்தில் வேலை இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் தேடலின் தொடக்கம்.

முதல் சில மாதம் முறை வைத்து ஆடினோம்: ஒரு வாரம் அரேபியா, அடுத்த வாரம் ஐலண்ட்ஸ். அரேபியாவில் கப்பல் விடத் தண்ணீரே இல்லை. ஐலண்ட்ஸில் ஒவ்வொருவரும் தனித் தீவில். கப்பல் இல்லாமல் எதிரியைப் பார்க்கக்கூட முடியாது. அரேபியா வாரத்தில் சின்னவன் சுரத்தே இல்லாமல் ஆடுவான், ஐலண்ட்ஸ் வாரத்தில் பெரியவர் லாயத்தைக் கட்டிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஐலண்ட்ஸில் இன்னொரு பெரிய குறை உண்டு. கடலை யார் பிடித்தார்கள் என்பது இருபது இருபத்தைந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் ஆட்டம் முடிய இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். டிரான்ஸ்போர்ட் கப்பலில் முதலில் ஐந்து பேரைத்தான் ஏற்ற முடியும். கேரீனிங் ஆராய்ச்சி முடித்தால் பத்து, ட்ரை டாக் முடித்தால் இருபது. தோற்றவன் தன் தீவில் சுவரும் கோட்டையும் கட்டி உட்கார்ந்துகொள்வான், ஜெயித்தவன் ஐந்தைந்து பேராக இறக்கிக் கொண்டிருப்பான். முடிவு தெரிந்த பிறகும் அந்த நேரத்தைக் கடத்த வேண்டியிருந்தது.

சரி, பாதி நிலம் பாதி நீர் என்று தேடுவோம் என்று மெடிட்டரேனியன் போட்டோம். நடுவில் பெரிய கடல், சுற்றிலும் நிலம், கரையோரமாகவே நடந்து எதிரியிடம் போய்விடலாம். காகிதத்தில் பார்த்தால் நாங்கள் கேட்டது அப்படியே இருந்தது. முதல் நான்கைந்து ஆட்டத்திலும் கடலைப் பிடித்த அணிதான் ஜெயித்தது. ஏன் என்று எங்களுக்குப் புரியவே வெகுநாள் ஆனது.

ஒரு ஆட்டத்தை மட்டும் சொல்கிறேன். நானும் பெரிய மச்சானும் ஒரு அணி. கடலில் கேலி (galley) என்கிற என் அம்பு விடும் போர்க்கப்பல்களை சின்னவனின் ஃபயர் கேலிகள், அதாவது தீ உமிழும் கப்பல்கள், எரித்துத் தள்ளின. பரவாயில்லை, நிலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று குதிரைகளை அனுப்பினோம். ஆறு பேர் ஆடும் அளவுள்ள மேப்பைத் தேர்ந்திருந்தோம், 200க்கு 200 கட்டம். எதிரி எங்களுக்கு நேர் எதிர்க் கரையில். அவன் கப்பல் கடலைக் குறுக்கே வெட்டி வந்துவிடுகிறது. எங்கள் குதிரை கரையைச் சுற்றிக்கொண்டு அதைப்போல இரண்டு மடங்கு தூரம் ஓட வேண்டும். போய்ச் சேர்வதற்குள் அங்கே ஈட்டிக்காரர்கள் வரிசை கட்டி நின்றார்கள். இங்கே என் தங்கச் சுரங்கம் கரையிலிருந்து ஏழெட்டுக் கட்டத்தில் இருந்தது. கப்பலிலிருந்து அம்பு விட்டே அங்கே வேலை செய்த என் வில்லேஜர்களைத் துரத்திவிட்டான்.

அந்த இரவுக்குப் பிறகுதான் மேப்பைத் தேர்ந்தெடுக்க நான் இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டேன். கடலில் தோற்றவன் அடுத்து என்ன செய்ய முடியும்? கடலில் தோற்றதால் அவனுக்கு என்ன போச்சு? முதல் கேள்விக்கு 'ஒன்றும் முடியாது' என்று பதில் வந்தால் அது முழுக் கடல் மேப், எத்தனை நிலம் இருந்தாலும். இரண்டாவதற்கு 'ஒன்றும் போகவில்லை' என்று வந்தால் அங்கே தண்ணீர் வெறும் அலங்காரம். இரண்டுக்கும் நடுவில் பதில் வருகிற மேப்தான் எங்களுக்கு வேண்டியது.

இந்த ஆட்டத்தில் நிலமும் கடலும் உண்மையில் எங்கே கை கோக்கின்றன என்று பார்த்தால், மரத்தில். ஒரு டாக்குக்கு 150 மரம், ஒரு மீன்பிடிக் கப்பலுக்கு 75. போர்க்கப்பல்களுக்கும் பெரும் செலவு மரம்தான். அந்த மரம் நிலத்தில் நிற்கிறது. கடலில் தோற்ற அணி எதிரியின் மரம் வெட்டும் இடத்துக்கு ஐந்து குதிரைகளை அனுப்ப முடிந்தால், இரண்டு நிமிடத்தில் அந்தக் கடற்படைக்குப் புதுக் கப்பல் வருவது நின்றுவிடும். அதேபோல மீன் என்பது நிலப்படைக்கான சோறு. ஆழ்கடல் மீன் ஒன்றில் 225 உணவு இருக்கிறது. வயலுக்கு 60 மரம், அதில் உழைக்க ஒரு வில்லேஜருக்கு 50 உணவு தனி. மீன்பிடிக் கப்பல் தானே ஆளாகவும் இருப்பதால் அந்த 75 மரத்தோடு கணக்கு முடிந்தது. ஆகவே கடலை வைத்திருப்பவன் ஒரு யுகம் (ஆட்டத்தின் வளர்ச்சிக் கட்டம்) முன்னால் போய்விடுவான், அவனைத் தடுக்க நினைப்பவன் அவன் மரத்தைத் தொட வேண்டும். இது நடக்க நிலவழி திறந்தும், கொஞ்சம் குறுகியும் இருக்க வேண்டும். மெடிட்டரேனியனில் எங்களை அடித்தது அந்தத் தூரம்தான்.

இது புரிந்ததும் அதே மெடிட்டரேனியனை இருவர் ஆடும் 120க்கு 120 அளவில் ஒருவருக்கு ஒருவராக ஆடிப் பார்த்தோம். வேறு மேப் மாதிரி இருந்தது! சாரணர் குதிரை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, கடலை இழந்தவனும் இரண்டு ஆட்டம் ஜெயித்தான். மேப்பின் பெயரைப் பார்த்து முடிவு செய்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: அளவை மாற்றிப் பாருங்கள். நாலு பேருக்கு 168 கட்டம் உள்ள மீடியம் போதும். இடம் தாராளமாக இருக்கட்டும் என்று பெரிய அளவைப் போட்டால், நடுவில் கடல் உள்ள எல்லா மேப்பும் கப்பல்காரன் பக்கம் சாய்ந்துவிடும்.

ஃபோர் லேக்ஸ் எங்கள் வீட்டு மேப் ஆகிவிட்டது. ஏரிகளில் மீன் இருக்கும், நிலம் முழுக்க ஒன்றோடொன்று தொடர்ந்திருக்கும். ஏரியை இழந்தால் வலிக்கும்; வயல் போட மரத்தைத் திருப்ப வேண்டும், யுகம் மாறுவது தள்ளிப் போகும். ஆனாலும் ஆட்டம் உயிரோடு இருக்கும். ஏரி சின்னது என்பதால் கரையில் ஒரு கோபுரமோ, கல் எறியும் மேங்கனெல் இரண்டோ நிறுத்தி நிலத்திலிருந்தே கப்பலை விரட்டலாம். பெரியவர் குதிரையில் வந்து எதிரியின் டாக்கைக் கட்டிக் கொண்டிருந்த வில்லேஜரைக் குத்திவிட்டுப் போனதும், சின்னவன் 'மச்சான், அது என் ஏரி' என்று கத்தியதும் இந்த மேப்பில்தான். எனக்கு இதில் ஒரே மனக்குறை, கடைசி யுகமான இம்பீரியல் வந்த பிறகு தண்ணீருக்கு வேலை குறைந்துவிடுகிறது. மீன் தீர்ந்ததும் ஏரி காலியாகிவிடும்.

அந்தக் குறை இல்லாதது ரிவர்ஸ். ஆறுகள் மேப்பைப் பிரிக்கும், ஆங்காங்கே ஆழமில்லாத துறைகள் இருக்கும். அந்த இடங்களில் காலாட்படையும் நடக்கலாம், கப்பலும் போகலாம். இந்த ஒரு விதிதான் ரிவர்ஸை உயர்த்துகிறது என்று நான் நம்புகிறேன். துறையைக் கடக்கும் குதிரைகளை நாலு கேலிகள் நின்று அடிக்கும். அந்த கேலிகளை அக்கரை வில்லாளிகள் அடிப்பார்கள். இறுதி வரை இரண்டு படையும் ஒன்றையொன்று பார்த்துத்தான் நகர முடியும். புதிதாக ஆடுகிறவருக்குக் கொஞ்சம் திணறும், எந்தத் துறை எங்கே என்று நினைவில் வைக்க வேண்டும். பழகியவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் முதல் மேப் இதுதான்.

மைக்ரேஷன் பற்றி எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. சின்னத் தீவில் தொடங்கி, வளம் நிறைந்த நடு நிலத்துக்குக் குடிபெயர வேண்டும். முதல் பாதி கடல், இரண்டாம் பாதி நிலம். நண்பனுக்கு இது உயிர். என் கருத்து வேறு: இங்கே இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன, ஒன்றாக வருவதில்லை. முதல் பாதியில் கடலை இழந்தவனுக்கு இரண்டாம் பாதியே கிடையாது. இருந்தாலும் தரை இறங்கும் அந்தச் சில நிமிடப் பதற்றம் வேறு எந்த மேப்பிலும் கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன், மாதம் ஒருமுறை ஆடுகிறோம்.

நோமாட் மேப்பில் டவுன் சென்டர் (ஊரின் மையக் கட்டடம்) இல்லாமல் மூன்று வில்லேஜர்கள் மேப்பில் சிதறி நிற்பார்கள். கரை அருகில் ஆள் விழுந்தவனுக்கு டாக் சீக்கிரம் கிடைக்கும், உள்ளே விழுந்தவனுக்குக் கிடைக்காது. நிலவழி திறந்திருப்பதால் என் இரண்டு கேள்விகளிலும் தேறுகிறது. அதிர்ஷ்டத்தின் பங்கு மட்டும் கூடுதல்.

மேப் நன்றாக அமைந்தும் ஆட்டம் ஒருபக்கம் சாய்வதற்கு இன்னொரு காரணம் உண்டு, அது தங்கம். இந்த மேப்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகின்றன. ஒரே பெயர், வேறு வேறு அமைப்பு. கேலியன் கப்பலின் அம்பு எட்டும் தூரம் 7, மூன்று மேம்பாடும் முடித்தால் 10. இம்பீரியலில் வரும் கேனன் கேலியன் அதையும் தாண்டிக் கட்டடங்களை இடிக்கும். ஆகவே முதல் தங்கம் கரையிலிருந்து பத்துக் கட்டத்துக்குள் இருந்தால் அந்த ஆள் கடலை விடவே முடியாது, மேப்பின் சமநிலை அவருக்கு மட்டும் உடைந்துவிடும். இதற்கு எங்களிடம் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. முதல் ஐந்து நிமிடத்தில் சாரணர் குதிரையைக் கரையோரம் ஓட்டிப் பார்ப்போம். யாருக்காவது தங்கம் கரையில் கிடந்தால், இடத்தைச் சொல்லாமல் 'மறுபடி போடலாம்' என்று மட்டும் சொன்னால் போதும், காரணம் கேட்காமல் மாற்றிவிடுவோம். இந்த ஒரு பழக்கம் எங்களுக்குள் நிறைய மனத்தாங்கலைத் தவிர்த்திருக்கிறது. புதிதாகக் குழு சேர்த்து ஆடுகிறவர்கள் தயவுசெய்து இதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

நாகரிகம் தேர்வதும் மேப்பைப் பொறுத்துத்தான். வைக்கிங்குகளுக்குப் போர்க்கப்பல் மலிவு, போர்த்துகீசியர்களின் கப்பலுக்கு உயிர் பத்து சதவீதம் கூடுதல். 2022 ஏப்ரலில் டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் தொகுப்பு வந்தபோது திராவிடர்கள் சேர்ந்தார்கள். வில்லேஜரை முதல்முறை சொடுக்கியதும் தமிழில் பதில் வந்த அந்தக் கணம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நாலு பேரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஒவ்வொருவராகச் சொடுக்கிக் கேட்டோம். ராஜேந்திர சோழனின் படையெடுப்பை வைத்து ஒரு கேம்பெய்னும் (கதையாக ஆடும் தொடரும்) அதில் உண்டு.

திராவிடர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் எங்கள் தேடலுக்கு மிகப் பொருத்தமான நாகரிகம் அது. ஒவ்வொரு யுகம் மாறும்போதும் 200 மரம் இலவசமாக வருகிறது. இரண்டாவது யுகமான ஃபியூடலில் கால் வைத்த உடனே இரண்டாவது டாக் கட்டவோ கேலிகளைத் தொடங்கவோ கையில் மரம் இருக்கும். மீன்பிடிக்கிறவர்கள் 15 உணவு கூடுதலாகச் சுமப்பார்கள். திரிசடை என்று தனிக் கப்பலும் இருக்கிறது. ஆனால் நைட் என்கிற கனரகக் குதிரைப்படை கிடையாது. அரேபியாவில் இவர்களை எடுத்தால் குதிரைக்காரனிடம் திண்டாட வேண்டும், ரிவர்ஸிலோ, நிலமும் கடலும் கலந்த பால்டிக் மேப்பிலோ எடுத்தால் கடலில் பிடித்த முன்னிலையை ஈட்டிக்காரர்களும், ஈட்டி எறியும் ஸ்கர்மிஷர்களும் நிலத்துக்குக் கொண்டுவருவார்கள். இரண்டையும் சேர்த்து யோசிக்க இவர்கள் நம்மைக் கட்டாயப்படுத்துகிறார்கள். அதனால்தான் பெரிய மச்சான் இவர்களைத் தொடவே மாட்டார், சின்னவன் வேறு யாரையும் எடுக்க மாட்டான்.

கணினியை எதிராளியாக வைத்து ஆடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் அனுபவத்தில் நிலமும் நீரும் கலந்த மேப்களில் கணினி கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே மனிதரைப் போல முடிவெடுப்பதில்லை. தோற்ற கடலுக்கே கப்பலை அனுப்பிக் கொண்டிருக்கும். மேப்பைப் பழக அது போதும், மேப் நல்லதா என்று தீர்மானிக்க அதை நம்ப வேண்டாம்.

இப்போது எங்கள் வரிசை இப்படி இருக்கிறது: ஃபோர் லேக்ஸ், ரிவர்ஸ், பால்டிக் மூன்றும் மாறி மாறி, எல்லாம் மீடியம் அளவில். மாதக் கடைசியில் மைக்ரேஷன். அரேபியாவை ஒரேயடியாக விடவில்லை, பெரியவர் பிறந்தநாளுக்கு வருடத்தில் ஒருமுறை போடுகிறோம். போன சனிக்கிழமை ரிவர்ஸில் கடலை நான் முப்பதாவது நிமிடத்தில் இழந்தேன். பெரியவர் கிழக்குத் துறையைக் கடந்து சின்னவனின் மரம் வெட்டும் ஆட்களை விரட்டினார், நான் அந்த இடைவெளியில் மறுபடி ஒரு டாக் எழுப்பினேன். ஒன்றேமுக்கால் மணி நேரம் போனது. நள்ளிரவு தாண்டிய பிறகு நாங்கள்தான் தோற்றோம், ஆனால் கடைசி ஐந்து நிமிடம் வரை எந்தப் பக்கம் போகும் என்று நாலு பேருக்கும் தெரியவில்லை.