எஃப் 16-இல் தொலைத்த ரோமங்கள்: ஏற்காட்டில் நான்கு ஆண்டு ஃபோகஸ் ஸ்டேக்கிங்

ஏற்காட்டில் என் பெரியப்பாவுக்குச் சிறிய காபித் தோட்டம் ஒன்று இருக்கிறது. சில்வர் ஓக் நிழல், அதில் ஏறிய மிளகுக்கொடி, அடியில் காபிச் செடிகள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை விடியலுக்கு முன்பே சேலத்திலிருந்து வண்டியை எடுத்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, காற்று எழுவதற்குள் தோட்டத்தில் நின்றுவிடுவேன். அங்கே நான் செய்வது ஃபோகஸ் ஸ்டேக்கிங்: கூர்மை விழும் இடத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, அவற்றின் கூர்மையான பகுதிகளை ஒரே படமாகச் சேர்ப்பது. கையில் இருப்பது 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமரா, 1:1 வரை, அதாவது பொருளை அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் பதிக்கும் வரை போகும் மேக்ரோ லென்ஸ், கேமராவை முன்பின் நகர்த்தக் கையால் திருகும் ஃபோகஸ் ரெயில். நான்கு ஆண்டுகளாக இதே கருவிகள்தான். மாறியது, அப்பர்ச்சரையும் (லென்ஸில் ஒளி புகும் துளை; எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்) இரண்டு படங்களுக்கு இடையிலான நகர்வையும் நான் முடிவுசெய்யும் விதம்.

முதல் ஆண்டு முழுவதும் எஃப் 16-இலேயே எடுத்தேன். தெளிவு ஆழம் (ஒரே படத்தில் கூர்மையாகத் தெரியும் முன்பின் தூரம்) அதிகம் கிடைக்கும், பத்துப் பன்னிரண்டு படங்களில் பூ முழுவதும் அடங்கிவிடும் என்ற கணக்கு. அடங்கவும் செய்தது. ஆனால் சேர்த்து முடித்த படத்தைப் பெரிதாக்கினால் மகரந்தத் துகள்கள் மாவு பூசியதுபோல் மங்கித் தெரிந்தன. லென்ஸ்மீது சந்தேகப்பட்டேன், ரெயில்மீது சந்தேகப்பட்டேன். இரண்டுமே காரணமில்லை.

காரணம், பள்ளி இயற்பியலில் படித்த விளிம்பு விளைவு. ஒளி ஒரு சிறு துளை வழியே போகும்போது ஒரு புள்ளி புள்ளியாக விழாமல் சிறு வட்டாக விரிகிறது. ஆங்கிலேய வானியலாளர் ஜார்ஜ் ஏரி 1835-இல் கணக்கிட்டுக் காட்டிய அந்த வட்டின் விட்டம், ஒளியின் அலைநீளத்தை எஃப் எண்ணாலும் 2.44-ஆலும் பெருக்கினால் வரும். மேக்ரோவில் இங்கே ஒரு பெரிய திருத்தம் உண்டு. நாம் வைக்கும் எஃப் எண் வேறு, சென்சார் உணரும் எஃப் எண் வேறு. வைத்த எண்ணை உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டி வரும் தொகையால் பெருக்க வேண்டும். 1:1-இல் எஃப் 16 உண்மையில் எஃப் 32. பச்சை ஒளிக்கு வட்டின் விட்டம் ஏறக்குறைய 43 மைக்ரான். என் கேமராவில் ஒரு பிக்சல் 3.9 மைக்ரான்தான். ஒரு புள்ளி பதினொரு பிக்சல் அகலத்துக்குப் பரவிக்கிடந்தால் மகரந்தம் எங்கே தெரியும்? இப்படி இழந்த விவரத்தை எத்தனை படங்களைச் சேர்த்தாலும் மீட்க முடியாது. ஸ்டேக்கிங் ஆழத்தைத்தான் கூட்டும்.

அதே 1:1-இல் எஃப் 5.6 வைத்தால் உண்மை எண் 11.2, வட்டு 15 மைக்ரான். நான்கு பிக்சலுக்குள் அடங்குகிறது. அன்றிலிருந்து ஒரே வழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்: உண்மை எஃப் எண் 12-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். பாதி அளவில் எடுத்தால் எஃப் 8. முழு அளவில் 5.6. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே நீட்டிப்புக் குழாய் போட்டு இரட்டிப்பு அளவுக்குப் போனால் எஃப் 4. மூன்றும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. (நிக்கான் மேக்ரோ லென்ஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: திருத்தப்பட்ட எண்ணையே அந்த கேமரா திரையில் காட்டும். மறுபடியும் பெருக்கிவிட வேண்டாம். உள்ளேயே குவியும் லென்ஸ்களில் இந்தச் சூத்திரம் சற்று முன்பின் ஆகும். ஆனாலும் முடிவெடுக்கப் போதும்.)

அப்பர்ச்சர் முடிவான பிறகுதான் நகர்வு. தெளிவு ஆழத்துக்கான வாய்ப்பாடுகள் பெரும்பாலும் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஒரு புள்ளி 0.02 மி.மீ. வரை மங்கிப் பரவுவதை அனுமதிக்கின்றன. அச்சுப் படத்தைக் கையெட்டும் தூரத்தில் பார்ப்பதற்கு அது சரி. ஸ்டேக் செய்த படத்தை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. பெரிதாக்கி உள்ளே நுழைந்துதான் பார்ப்பார்கள். நான் 0.01 வைத்துக் கணக்கிடுகிறேன். 1:1, எஃப் 5.6-க்கு ஆழம் சுமார் 0.22 மி.மீ. வருகிறது. அதில் முப்பது விழுக்காட்டை அடுத்த படத்தோடு ஒன்றின்மேல் ஒன்று படிய விட்டுவிட்டு 0.15 மி.மீ. நகர்த்துகிறேன். பாதி அளவில் எஃப் 8-க்கு நகர்வு 0.7. இரட்டிப்பில் எஃப் 4-க்கு 0.05 தாண்டுவதில்லை. எத்தனை படங்கள் வேண்டும் என்பது இவற்றுக்குப் பிறகு தானாக வரும் விடை. முதல் ஆண்டில் நான் அதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்டேன்.

கணக்கு சரியாக இருந்தும் இரண்டாம் ஆண்டில் படங்களில் பட்டை பட்டையாக மங்கல் விழுந்தது. ஒரு கூர்மையான கோடு, பிறகு மங்கல், மறுபடியும் கூர்மை. நகர்வு பெரிதாகிவிட்டால்தான் இப்படி வரும். ரெயிலின் ஒரு சுற்று 1 மி.மீ. என்று நம்பியிருந்தேன். ஒருநாள் வெர்னியர் வைத்துப் பத்துச் சுற்று சுற்றி அளந்தால் 12.5 மி.மீ. போயிருந்தது. ஒரு சுற்றுக்கு 1.25! ஒவ்வொரு முறையும் நினைத்ததைவிட கால் பங்கு அதிகமாக நகர்த்தியிருக்கிறேன். இருபத்தைந்து பிரிவுகள் போட்ட காகித வட்டம் ஒன்றைத் திருகில் ஒட்டினேன். ஒரு பிரிவு 0.05 மி.மீ.; மூன்று பிரிவு நகர்த்தினால் 0.15. ரெயில் வாங்கியவுடன் முதல் வேலையாக இந்த அளவையைச் செய்துவிடுங்கள். திருகை எப்போதும் ஒரே திசையில் மட்டும் சுற்றுங்கள். பின்னோக்கித் திருப்பினால் மரைக்குள் இருக்கும் தளர்ச்சி முதல் இரண்டு மூன்று நகர்வுகளை விழுங்கிவிடும்.

கேமராவிலேயே ஃபோகஸ் பிராக்கெட்டிங் (கேமரா தானே ஃபோகஸை நகர்த்தித் தொடர்ந்து படம் எடுக்கும் வசதி) இருப்பவர்களுக்கு, நகர்வின் அளவாகப் பெரும்பாலும் 1 முதல் 10 வரை எண்கள்தான் கிடைக்கும். அவை மில்லிமீட்டர் அல்ல. ஒரு ஸ்கேலை 45 பாகை சாய்த்து வைத்துப் பத்துப் படம் எடுங்கள். கூர்மை ஸ்கேலில் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று பார்த்து அதை 0.7-ஆல் பெருக்கினால் அந்தப் பத்துப் படங்களுக்குமான உண்மையான ஆழ நகர்வு தெரியும்.

மலையில் இந்தக் கணக்குகள் அப்படியே செல்லாது. மார்ச், ஏப்ரலில் மழை ஒன்று விழுந்து, சில நாளில் காபி வெள்ளையாகப் பூத்துக் குலுங்கும்போது பனி விலகியதும் காற்று வந்துவிடுகிறது. ஒரு கொத்தின் ஆழம் 12 மி.மீ. என்றால் பாதி அளவில், எஃப் 8-இல் பதினெட்டுப் படங்கள். அதற்குள் கிளை ஆடிவிடும். அப்போது எஃப் 11-க்கு இறங்கி, நகர்வை 1 மி.மீ. ஆக்கி, பன்னிரண்டு படங்களில் முடிப்பேன். கொஞ்சம் கூர்மை போகும். ஆடிய ஸ்டேக்கில் இரட்டை இரட்டையாக விழும் மகரந்தத் தண்டுகளைவிட அது மேல். ஆனால் எஃப் 16-க்குத் திரும்பிப் போனதில்லை.

வீட்டில் வேறு நிலைமை. சேலத்தில் எங்கள் தெருவில் லாரி போனால் மேசை அதிரும். இரவு பதினொரு மணிக்குமேல், மின்விசிறியை நிறுத்தி, கேமராவையும் பொருளையும் ஒரே கடப்பாக்கல்லின்மேல் ஏற்றி, ஃபிளாஷ் குறைந்த சக்தியில் எடுக்கிறேன். பறித்த பூவைத் தண்ணீரில் நிறுத்தாவிட்டால் ஐந்து நிமிடத்தில் இதழ் சுருண்டு இடம் மாறுகிறது. அதனால் தேவைக்குமேல் படங்களை எடுப்பதும் கெடுதல். ஒருமுறை நகர்வைப் பாதியாக்கி நூற்றுக்கும் மேல் எடுத்தேன். கூடுதல் விவரம் ஒன்றும் வரவில்லை. பிரமிட் முறையில் (விவரங்களை அளவு வாரியாகப் பிரித்துச் சேர்க்கும் மென்பொருள் முறை) சேர்த்தபோது இரைச்சல் சேர்ந்துகொண்டே போனது. சென்சாரில் இருந்த ஒரு தூசி நீண்ட கோடாக இழுபட்டது. ரோமங்கள் ஒன்றோடொன்று குறுக்கிடும் இடங்களுக்கு மட்டும் பிரமிட் முறை, வழவழப்பான பரப்புக்கு ஆழ வரைபட முறை (எந்த இடம் எந்தப் படத்தில் கூர்மை என்று வரைபடம் போட்டுச் சேர்ப்பது) என்று இரண்டையும் செய்து ஒட்டுகிறேன்.

சென்ற ஆண்டு பெரியப்பா, நுனியில் ஊசித்துளை விழுந்த காய்களைக் கொண்டுவந்து கொடுத்தார். காபிக் காய்த் துளைப்பான். 1990-இல் நீலகிரியின் கூடலூரில்தான் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட வண்டு. நீளம் ஒன்றரை மி.மீ. சொச்சம். 1:1-இல் எடுத்தால் வண்டு முழுவதும் 400 பிக்சலுக்குள் முடிந்துவிடும். பழைய நுண்ணோக்கி ஒன்றின் 4 மடங்கு ஆப்ஜெக்டிவை (பொருளுக்கு அருகில் இருக்கும் லென்ஸ்) கேமராவில் பொருத்தினேன். எவ்வளவு அகலமாக ஒளியை வாங்கும் என்று சொல்லும் அதன் துளை எண் (NA) 0.10. அலைநீளத்தை அந்த எண்ணின் வர்க்கத்தால் வகுத்தால் ஆழம் 55 மைக்ரான். 40 மைக்ரான் நகர்வு வேண்டும். என் ரெயிலுக்கு அது முடியாது. அதே நுண்ணோக்கியின் நுண்திருகு ஒரு சுற்றுக்கு 0.2 மி.மீ., நூறு பிரிவுகள். பொருளை அதன் மேடையில் வைத்து இருபது இருபது பிரிவாக நகர்த்தி இருபத்திரண்டு படங்கள் எடுத்தேன்.

இறக்கை உறைமேல் வரிசை வரிசையாகக் குத்திட்டு நிற்கும் முட்களை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். படத்தைப் பெரியப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "முப்பது வருடமாக இதை நசுக்கிக்கொண்டிருக்கிறேன். இதற்கு முதுகில் இவ்வளவு முள்ளா?" என்று கேட்டார்.