ஃபெர்குசன் வழியா, வெங்கர் வழியா, க்ளோப் வழியா: நீண்டகாலப் பயிற்றுவிப்பாளர் எப்போது போகவேண்டும்?

திருகோணமலையில் உதைபந்தாட்டம் பார்க்கிறவர்களிடம் இந்தக் கேள்வியைப் போட்டால் மூன்று பக்கமாகப் பிரிந்துவிடுவார்கள். இங்கிலாந்தின் மூன்று பெரிய கழகங்களை நீண்டகாலம் நடத்திய முகாமையாளர்கள்தான் உதாரணம்: மன்செஸ்டர் யுனைட்டட்டின் ஃபெர்குசன் (ஃபெர்கி), ஆர்சனலின் வெங்கர், லிவர்பூலின் க்ளோப். மன்செஸ்டர் யுனைட்டட்காரர்கள் "கிண்ணத்தோட போகவேணும், ஃபெர்கி மாதிரி" என்பார்கள். ஆர்சனல்காரர்கள் வெங்கர் விஷயத்தில் இன்னமும் தங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. லிவர்பூல்காரர்களுக்கு க்ளோப் போனதில் கவலை உண்டு, போன முறையில் குறை இல்லை.

எங்களுக்கு இது வெறும் பேச்சாக இருக்கவில்லை. எங்கள் ஊர்க் கழகத்தில் இரண்டு தலைமுறைப் பெடியன்களைப் பழக்கிய சேர் எப்போது விலகுவது என்று நிர்வாகக் குழு முடிவெடுக்க வேண்டி வந்தது. குழுவில் நானும் ஒருவன். தீர்மானிக்க இருந்தது எங்கள் கழகத்தின் விஷயம், வாயில் வந்த உதாரணம் முழுக்க இங்கிலாந்து. கடைசியில் க்ளோப் வழியை, அதாவது விலகும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடும் வழியை, எடுத்தோம். நான் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன். மற்ற இரண்டுக்கும் உரிய நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை நீட்டத் தேவையில்லை. நிறைய வென்றவருக்குத் தன் நாளைத் தானே குறிக்கும் உரிமை உண்டு. தோல்வி தொடர்ந்தால் அந்த உரிமை தேயும். இருபது வருடம் உழைத்தவரை நடுப் பருவகாலத்தில் கலைப்பது எந்தக் கழகத்துக்கும் அழகில்லை. இதில் யாருக்கும் பிணக்கு இல்லை. பிணக்கெல்லாம் விலகும் நாளை எதை வைத்து அளப்பது என்பதில்தான்.

முதலில் வெங்கர். 1996 இல் வந்தார், 2018 இல் போனார். 1,235 ஆட்டங்கள், மூன்று லீக் பட்டங்கள், ஏழு எஃப்.ஏ. கிண்ணங்கள் (லீக்குக்கு வெளியே நடக்கும் நொக்-அவுட் போட்டி). 2003-04 பருவகாலம் முழுவதும் லீக்கில் ஒரு தோல்விகூட இல்லை. அவர் போயிருக்கவேண்டிய நாள் எது என்று கேட்டால் ஆளுக்கொரு திகதி வரும். 2011 ஓகஸ்டில் யுனைட்டட்டின் மைதானமான ஓல்ட் ட்ரஃபோர்டில் 8-2 என்று தோற்ற நாள் என்பார் ஒருவர். 2014 மார்ச்சில் அவருடைய ஆயிரமாவது ஆட்டத்திலேயே செல்சி 6-0 என்று அடித்த நாள் என்பார் இன்னொருவர். அதே 2014 மே மாதம் ஹல் சிட்டியை வென்று ஒன்பது வருடக் கிண்ண வரட்சியை முடித்தாரே, அன்றைக்குக் கையசைத்துவிட்டுப் போயிருந்தால் எவ்வளவு அழகு என்பவர்கள்தான் அதிகம்.

அவர் போகவில்லை. 2017 பெப்ரவரியிலும் மார்ச்சிலும் பயர்ன் மியூனிக்கிடம் இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 10-2 என்று தோல்வி. அதே மார்ச்சில் வெஸ்ட் ப்ரொம் மைதானத்துக்கு மேலே அவரைப் போகச் சொல்லி ஒரு விமானம் பதாகை இழுத்துக்கொண்டு பறந்தது, அவரை ஆதரித்து இன்னொன்று பறந்தது. மே மாதக் கடைசியில் செல்சியை வென்று எஃப்.ஏ. கிண்ணத்தைத் தூக்கினார். நான்கு நாளில் இரண்டு வருட ஒப்பந்தம் போட்டார். அதில் ஒரு வருடம்தான் இருந்தார்.

எங்கள் குழுவில் வெங்கர் வழிக்காக வாதாடியவர் ஒரு ஆர்சனல் ரசிகர். "அண்ணன், அந்தாள் கட்டின வீட்டை விட்டு அந்தாளையே எப்படி எழும்பிப் போகச் சொல்லுறது?" என்று கேட்டார். அது லேசான கேள்வி இல்லை. 2006 இல் புது மைதானத்துக்குப் போனபின் கடன் சுமையோடு முன்னணி வீரர்களான ஃபப்ரேகாஸையும் வான் பெர்சியையும் விற்றுவிட்டு, அப்படியும் 2016 வரை முதல் நான்கு இடத்துக்குள்ளேயே கழகத்தை வைத்திருந்தவர் வெங்கர். எங்கள் சேரும் அப்படித்தான். கழகத்தில் பந்து வாங்கக் காசில்லாத காலத்தில் தன் சம்பளத்தில் வாங்கினவர்.

ஆனால் திகதி குறிக்காமல் இழுபடும் காலத்தில் கெட்டுப்போவது வெறும் முடிவுகள் மட்டும் இல்லை. முகாமையாளர் அடுத்த வருடம் இருப்பாரா என்று தெரியாதபோது வீரர்களின் ஒப்பந்தங்களும் தொங்கிவிடுகின்றன. ஆர்சனல் வீரர் சஞ்சேஸின் ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது அவரை யுனைட்டட்டுக்குக் கொடுத்துவிட்டு மிகித்தாரியனை வாங்கவேண்டி வந்தது. ராம்சி 2019 இல் ஒரு சதமும் தராமல் யுவென்டஸுக்குப் போனார். அந்த நட்டத்தைச் சுமந்தவர் வெங்கருக்குப் பின்னால் முகாமையாளராக வந்த எமெரி.

அடுத்தது ஃபெர்குசன். 1986 நவம்பரில் வந்தவர், 2013 மே 8 ஆம் திகதி போகப்போவதாக அறிவித்தார். பதின்மூன்றாவது லீக் பட்டம் அதற்கு முன்பே கைக்கு வந்துவிட்டது. மே 19 இல் வெஸ்ட் ப்ரொம்முடன் 5-5 என்ற சமநிலை, அதோடு 1,500 ஆட்டங்கள் நிறைவு. உலகத்தில் இதைவிட நல்ல வழியனுப்பு இருக்கமுடியாது என்பது யுனைட்டட்காரர்களின் வாதம். அன்றைய நாளை மட்டும் பார்த்தால் எனக்கும் மறுப்பில்லை.

என்னுடைய அளவுகோல் அது இல்லை. அவர் போன அடுத்த ஓகஸ்டில் உடைமாற்றும் அறையில் யார் யார் இருந்தார்கள், வந்தவருக்கு அவர்களைப் படிக்க எத்தனை நாள் கிடைத்தது, இந்த இரண்டையும்தான் பார்க்கவேண்டும்.

யுனைட்டட் வீரர்களை எடுங்கள். 2013 மே மாதத்தில் கிக்ஸுக்கு 39 வயது. ஸ்கோல்ஸுக்கு 38, அவர் ஓய்வே பெற்றுவிட்டார். ஃபெர்டினண்டுக்கு 34, எவ்ராவுக்கு 32, விடிச்சுக்கும் கரிக்குக்கும் 31. அந்தப் பட்டத்தை 26 கோல் அடித்து வாங்கிக்கொடுத்த வான் பெர்சிக்கு 29. ஃபெர்டினண்ட், விடிச், எவ்ரா மூவரும் அடுத்த கோடையில் ஒன்றாகக் கழகத்தை விட்டுப் போனார்கள். இளையவர்களே இல்லை என்று சொல்லமாட்டேன். டி ஹெயாவுக்கு 22, ஜோன்ஸுக்கு 21, ஸ்மோலிங்குக்கு 23. ஆனால் ஆட்டத்தை நடத்தும் நடுக்களத்தில் அடுத்தது யார் என்பதற்குப் பதில் இருக்கவில்லை.

நேரம் அதைவிடக் குறைவு. அறிவித்த நாளிலிருந்து கடைசி ஆட்டம் வரை பதினொரு நாள். அவருடைய இடத்துக்கு வந்த மோய்ஸ் ஜூலை 1 இல்தான் பொறுப்பெடுத்தார். வீரர்களை வாங்குவதில் ஃபெர்குசனுக்கு வலது கையாக இருந்த தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் அதே கோடையில் விலகினார். பேரம் பேசத் தெரிந்தவர், அணியைத் தெரிந்தவர் என்று இருவரும் ஒரே வாசலால் வெளியே போனார்கள். அந்தக் கோடையில் பெரிய விலைக்கு வந்து சேர்ந்தவர் ஃபெலெய்னி ஒருவர்தான், அவரும் கடைசி நாளில். ஆறு வருட ஒப்பந்தத்தோடு வந்த மோய்ஸை 2014 ஏப்ரலில் நீக்கினார்கள். பட்டம் வென்ற அணி ஏழாவது இடத்தில் முடித்தது. மோய்ஸின் தலையில் மட்டும் இதைக் கட்டுகிறவர்களோடு நான் எப்போதும் சண்டை பிடிப்பேன்.

இப்போது க்ளோப். 2015 ஒக்டோபரில் வந்தார். 2019 இல் ஐரோப்பாவின் பெரிய கிண்ணமான சம்பியன்ஸ் லீக், 2020 இல் லிவர்பூலின் முப்பது வருடக் காத்திருப்பை முடித்த லீக் பட்டம். எல்லோரும் பேசுவது அவர் 2024 ஜனவரி 26 இல் விட்ட அறிவிப்பைப் பற்றி. எனக்கு அதைவிட முக்கியம் அதற்கு முந்தைய கோடை. 2022-23 இல் லிவர்பூல் ஐந்தாவதாக முடித்தது. ஹெண்டர்சன், ஃபபினோ, மில்னர், கெய்ட்டா, சம்பர்லெய்ன் என்று நடுக்களமே 2023 கோடையில் காலியானது. அந்த இடத்துக்கு வந்தவர்களில் மக் அலிஸ்டருக்கு 24 வயது, சொபொஸ்லாய்க்கு 22, க்ராவன்பேர்க்குக்கு 21. எண்டோ மட்டும் முப்பதைத் தொட்டவர். புது நடுக்களத்தைக் கட்டி, அரைப் பருவகாலம் ஓடவிட்டு, அணி லீக்கில் முதலிடத்தில் நிற்கும்போது, தன்னிடம் சக்தி குறைகிறது, பருவகால முடிவில் போகிறேன் என்று அறிவித்தார். ஒப்பந்தம் 2026 வரை இருந்தது.

கழகத்துக்கு நான்கு மாதம் கிடைத்தது. ஆற அமரத் தேடி ஃபெயனூர்டிலிருந்து ஆர்னே ஸ்லொட்டைப் பிடித்தார்கள். 2024 கோடையில் அவர் அணிக்குள் சேர்த்த புதுமுகம் கியேசா ஒருவர்தான். அப்படியிருந்தும் 2025 ஏப்ரல் 27 இல் டொட்டன்ஹாமை 5-1 என்று வென்று, நான்கு ஆட்டம் மிச்சம் இருக்கப் பட்டம் எடுத்தார். அந்தப் பட்டத்தை ஓடி ஓடி வென்ற நடுக்களம் மக் அலிஸ்டர், சொபொஸ்லாய், க்ராவன்பேர்க். ஃபெர்குசன் போன கோடையில் யுனைட்டட்டிலும் பெரிதாக யாரும் வரவில்லை, க்ளோப் போன கோடையில் லிவர்பூலிலும் வரவில்லை. ஒன்று ஏழாவதாக முடித்தது, மற்றது சம்பியன். இதற்கு மேல் எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

இந்த வழிக்கும் விலை உண்டு, அதை மறைக்கக்கூடாது. க்ளோப் அறிவித்தபின் லீக் கிண்ணத்தை வென்றார்கள். பிறகு யுனைட்டட்டிடம் எஃப்.ஏ. கிண்ணத்தில் 4-3, சொந்த மைதானமான அன்ஃபீல்டில் அட்டலாண்டாவிடம் 3-0, எவர்ட்டனிடம் 2-0 என்று வரிசையாகத் தோற்றார்கள். முதலிடத்தில் நின்ற அணி மன்செஸ்டர் சிட்டிக்கு ஒன்பது புள்ளி பின்னால் மூன்றாவதாக முடித்தது. ஃபெர்குசனே 2001-02 பருவகாலத்தோடு விலகுவதாக முன்கூட்டிச் சொல்லி, அணி தளர்ந்து, 2002 பெப்ரவரியில் மனதை மாற்றிக்கொண்டவர். அந்தப் பருவகாலமும் மூன்றாம் இடம், கிண்ணம் இல்லை. மாற்றிக்கொண்டதற்குப் பிறகு அவர் ஆறு லீக் பட்டமும் ஒரு சம்பியன்ஸ் லீக்கும் வென்றார் என்பதை எங்கள் கூட்டத்தில் யுனைட்டட்காரர்கள் விடாமல் ஞாபகப்படுத்தினார்கள். அதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. போகும் வருடத்துக் கிண்ணம் பெரிதென்றால் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். அடுத்த வருடம் பெரிதென்றால் சொல்லுங்கள். எங்கள் கழகத்துக்கு அடுத்த வருடம்தான் பெரிது.

ஏன் என்று சொல்கிறேன். சேரிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. மட்டை கிழிந்து, சப்பாத்துப் பெட்டியில் வெட்டிய அட்டையை ஒட்டியிருந்தார். ஒவ்வொரு பெடியனுக்கும் ஒரு பக்கம். மேலே பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம். அதற்குக் கீழேதான் விஷயம்: இவன் வெள்ளிக்கிழமை இரவு தகப்பனோடு கடலுக்குப் போவான், சனி காலை ஓடவிடக்கூடாது, இவனுக்கு இடது முழங்கால், இவனுக்கு இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை, தாயிடம் கேட்காமல் வெளியூர் ஆட்டத்துக்குக் கூட்டிப்போகாதே, இவனுக்கு எல்லோருக்கும் முன்னால் ஏசினால் அடுத்த நாள் வரமாட்டான். பாதி வசனத்துக்குச் சுருக்கெழுத்து, சேருக்கு மட்டும் புரியும். கொப்பியைக் கையில் கொடுத்தாலும், பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்ட ஆள் இல்லாவிட்டால் வருகிறவருக்கு ஒன்றும் விளங்காது. அதனால்தான் கடைசி ஆட்டத்தன்று மாலை போட்டு அனுப்புவதை நான் எதிர்த்தேன். சேர் பருவகாலத்துக்கு முன்பே விலகும் திகதியைச் சொன்னார். புதியவர் அந்த வருடம் முழுவதும் அவரோடு நின்றார். பதினாறு, பதினேழு வயதுப் பெடியன்கள் சிலரை சேரே பெரிய அணிக்கு ஏற்றிவிட்டார். மூத்த வீரர்கள் இரண்டு பேருக்கு ஓய்வு என்ற கசப்பான சொல்லையும் அவரே சொன்னார். புதியவர் சொல்லியிருந்தால் ஊர் இரண்டுபட்டிருக்கும்.

அந்த வருடம் நாங்கள் மாவட்டத்தில் ஒன்றும் பெரிதாக வெல்லவில்லை. இப்போது அணி நன்றாக ஓடுகிறது. ஆனாலும் ஒரு பருவகாலத்தை வைத்து முடிவு சரியென்று அடித்துச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. ஸ்லொட்டின் இரண்டாவது வருடத்தைப் பாருங்கள். 2025 கோடையில் விர்ட்ஸ், எகிடிகே, இசாக் என்று பெரும் விலை கொடுத்து அணியை மாற்றினார்கள். அந்த ஜூலையில் அணி வீரர் ஜோட்டாவை விபத்தில் பறிகொடுத்த துயரமும் சேர்ந்தது. இலையுதிர் காலத்தில் தோல்விக்கு மேல் தோல்வி. முன்னவர் விட்டுப்போன அணி முதல் வருடத்துக்குத்தான் காவல், அதற்குப் பிறகு வந்தவரின் கைதான். எங்களுக்கும் அந்த இரண்டாவது வருடம் இனிமேல்தான்.

இன்னொன்றில் எங்களுக்குத் தெளிவே இல்லை. போனவர் எங்கே உட்காருவது? ஃபெர்குசன் மைதானத்துக்கு வந்து மேலே இருந்தார். மோய்ஸின் அணி தடுமாறும்போதெல்லாம் கமரா அவர் முகத்துக்குப் போனது. 1974 இல் லிவர்பூலை விட்ட பழைய முகாமையாளர் பில் ஷங்க்லி பயிற்சி மைதானத்துக்கு வந்துகொண்டே இருந்தார். வீரர்களுக்கு அவர்தான் இன்னமும் 'பொஸ்'. வந்த பொப் பெய்ஸ்லி அங்கேயே உதவியாளராக இருந்தவர், ஆறு லீக் பட்டமும் மூன்று ஐரோப்பியக் கிண்ணமும் வென்றார். ஆனால் ஷங்க்லிக்கு அந்தப் பிரிவு கடைசிவரை ஆறவில்லை. எங்கள் சேர் முதல் சில மாதம் மைதானப் பக்கமே வரமாட்டேன் என்று தானாகச் சொன்னார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்ததால் கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. இப்போது ஆட்டம் பார்க்க வருகிறார், எதிர்ப்பக்க வேலியோரம் நிற்கிறார். அவருக்கு இதைவிட நல்ல இடம் ஒன்று இருக்கவேண்டும். பதினைந்து வயதுக்குட்பட்டவர்களைக் கொடுக்கலாமா என்று குழுவில் கேட்டிருக்கிறேன், இன்னும் முடிவாகவில்லை.

எங்கள் பக்கத்துச் சின்னக் கழகங்கள் இதைச் செய்வதாக இருந்தால் திகதியை மாரிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இங்கிலாந்தில் ஜூன், ஜூலை இடைவெளியில் கையளிப்பு நடக்கும். எங்களுக்கு அந்த இடைவெளி கார்த்திகையும் மார்கழியும். மைதானத்தில் தண்ணீர் நிற்கும், பந்து உருளாது, எல்லோரும் வீட்டில்தான். பழையவரும் புதியவரும் கொப்பியை விரித்துவைத்து ஒவ்வொரு பெடியனாகப் பேசி முடிக்க அந்த இரண்டு மாதம் போதும்.