டிரெஸ்டனா, பீட்டர் கிராண்ட்டா: கேப் விட்டுப் படிக்கிறவங்களுக்கு எது?

மந்திரமும் வேணும், துப்பறியறதும் வேணும், சீக்கிரம் முடியவும் கூடாதுன்னு தேடினா கடைசில ரெண்டு சீரிஸ்ல தான் வந்து நிப்போம். ஒண்ணு ஜிம் புட்ச்சரோட டிரெஸ்டன் ஃபைல்ஸ், 2000ல ஆரம்பிச்சது, சிகாகோல வெளிப்படையா மந்திரவாதின்னு சொல்லியே தொழில் பண்ற பிரைவேட் டிடெக்டிவ் ஹாரி டிரெஸ்டன். இன்னொண்ணு பென் ஆரனோவிச்சோட ரிவர்ஸ் ஆஃப் லண்டன், 2011ல ஆரம்பிச்சது, லண்டன் போலீஸ்ல சாதா கான்ஸ்டபிளா இருந்து மந்திரம் கத்துக்கிற பீட்டர் கிராண்ட். ரெண்டையும் படிச்சேன், இப்போ தொடர்ந்து வாங்குறது பீட்டர் கிராண்ட் மட்டும் தான்.

வேகம், சண்டை, அடிபட்டு அடிபட்டு எந்திரிக்கிற ஹீரோ, இதுலலாம் டிரெஸ்டன் தான் ஒரு படி மேல. டெட் பீட்ங்கிற புக்ல மியூசியத்து டைனோசரை உயிரோட எழுப்பி அது மேல ஏறி தெருவுல போவார், அந்த மாதிரி சீன் லண்டன் பக்கம் கிடையாது. முதல் ரெண்டு புக்கை மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கணும்.

ஆனா எனக்கு முடிவு பண்ணிக் குடுத்தது ஞாபகம் தான். வருஷத்துக்கு ஒண்ணு, ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணுன்னு வர்ற சீரிஸ்ல எவ்ளோ விஷயத்தை நாம மனசுல சுமக்கணும்ங்கிறது பெரிய செலவு, யாரும் அதைக் கணக்குல எடுக்கிறதில்ல. டிரெஸ்டன் சீரிஸ்ல ஸ்கின் கேம் 2014ல வந்துச்சு, அடுத்த நாவல் பீஸ் டாக்ஸ் 2020ல தான். ஆறு வருஷம் கழிச்சு ஆசையா தொறந்தா மூணு வகை ரத்தக்காட்டேரி கூட்டம், ரெண்டு தேவதை அரசவை, மந்திரவாதி கவுன்சில், யார் யாருக்கு கடன்பட்டிருக்காங்கன்னு எதுவுமே பிடிபடல, நாப்பது பக்கத்துல மூடி வெச்சுட்டு பழைய புக்கை எடுத்தேன். ஒவ்வொரு புக்லயும் ஆபத்து முந்தினதை விட பெருசாகிட்டே போகுது, பேட்டில் கிரவுண்ட்ங்கிற புக்ல ஊரே போர்க்களம், அப்புறம் ஒரு சின்ன கேஸ்க்கு அவர் திரும்பி வர்றதே கஷ்டம்.

பீட்டர் பக்கம் அப்படி இல்ல. புரோக்கன் ஹோம்ஸ்ங்கிற புக்கோட முடிவு நம்மளை உடைச்சுப் போட்டுடும், ஆனா அடுத்த ஃபாக்ஸ்குளவ் சம்மர்ல அவர் ஹெர்ஃபர்ட்ஷயர் கிராமத்துப் பக்கம் போய் காணாமப்போன ரெண்டு பதினோரு வயசுப் பொண்ணுங்களைத் தேடுறாரு, அவ்ளோ தான் கேஸ். வீடு வீடா விசாரணை, ஸ்டேட்மென்ட், டீ, திரும்ப விசாரணை. போலீஸ் நடைமுறை தான் இந்தக் கதையைத் தரையில பிடிச்சு நிறுத்துது. முதல் புக் ஆரம்பமே அது தான், கோவென்ட் கார்டன்ல தலையில்லாத பிணம் கிடந்த இடத்துக்கு ஜனவரி குளிர்ல ராத்திரி காவல் நிக்கிறாரு, பேய் ஒண்ணு வந்து நான் பாத்தேன்னு சொல்லுது, அவர் ஓடல, நோட்டை எடுத்து சாட்சி சொல்றதை எழுதிக்கிறாரு. அந்த இடத்துல தான் நான் விழுந்தேன்.

இன்னொரு வித்தியாசம் பாருங்க. ரெண்டுலயும் மந்திரம் பண்ணா எலக்ட்ரானிக்ஸ் காலி. டிரெஸ்டன் அதை விதின்னு ஏத்துக்கிட்டு கம்ப்யூட்டர் இல்லாம, வீட்ல வெந்நீர் கூட இல்லாம பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில்ல சுத்துறாரு. பீட்டர் செத்த ஃபோனைப் பிரிச்சுப் பாக்குறாரு, சிப் மணலா போயிருக்கு, கரன்ட் ஓடுற சிப் தான் போகுதான்னு சோதிச்சுப் பாத்து, பேட்டரியை கட் பண்ண ஃபோன்ல சுவிட்ச் வெச்சுக்கிறாரு. இப்படி ஒவ்வொண்ணையும் நோண்டிப் பாக்குற ஆளு கூட எத்தனை புக் வேணா போலாம்.

குறையும் சொல்லிடுறேன். பீட்டர் சீரிஸ்ல முகமில்லாத மனுஷன்ங்கிற வில்லனோட கதை 2018ல வந்த லைஸ் ஸ்லீப்பிங் புக் வரைக்கும் இழுக்குது, நடுவுல ஜவ்வு தான். அதுக்கு அடுத்த நாவல் ஃபால்ஸ் வேல்யூ எனக்கு அவ்ளோவா ஒட்டல. இந்த சீரிஸோட காமிக்ஸ்ல ரெண்டே ரெண்டு தான் படிச்சிருக்கேன், அதை வெச்சு தீர்ப்பு சொல்றது நியாயமில்ல. டிரெஸ்டனை ஒரே மூச்சுல, வாரத்துக்கு ஒண்ணுன்னு படிச்சா நான் சொன்ன ஞாபகப் பிரச்சனையே வராம இருக்கலாம், நான் அப்படிப் படிக்கல.

வேலை, குழந்தைன்னு விட்டு விட்டுப் படிக்கிறவங்க பீட்டர்ல ஆரம்பிங்க, முதல் புக்ல இருந்தே. பெரிய நாவலுக்கு நேரமில்லாதப்போ 2017ல வந்த தி ஃபர்தஸ்ட் ஸ்டேஷன் எடுங்க, மெட்ரோபாலிட்டன் லைன் ரயில்ல காலைல ஆபீஸ் போறவங்க நடுவுல பேய் வருது, குறுநாவல் தான், ஒரு ஞாயித்துக்கிழமைல முடிஞ்சிடும்.