"ஸ்கேன் நார்மல், வெறும் கேஸ்தான்" என்று சொல்லி அனுப்பப்பட்ட என் தம்பி

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் தம்பிக்குச் சென்ற ஆவணி மாதம் ஒரு மாலையில் தொப்புளைச் சுற்றி வலி தொடங்கியது. இரவு உணவு வேண்டாம் என்றான்; இரண்டு முறை வாந்தி எடுத்தான்; பத்து மணிக்கு மேல் வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி அங்கேயே நிலைத்துவிட்டது. ஆட்டோவில் அழைத்துச் சென்றபோது, ஒவ்வொரு வேகத்தடையிலும் "அண்ணா, மெதுவாப் போகச் சொல்லு" என்று என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

நாங்கள் சென்றது எங்கள் ஊரின் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவு. பணியில் இருந்த மருத்துவர், "வெளியில என்ன சாப்பிட்டீங்க தம்பி?" என்று கேட்டார். வலி இடம் மாறியதை நான் சொல்லத் தொடங்கியபோது அவர் கணினியில் எழுதிக்கொண்டிருந்தார். இரத்தப் பரிசோதனை, இசிஜி, ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், ஆனால் நாங்கள் அங்கிருந்த மூன்று மணி நேரத்தில் ஒருவரும் அவன் வயிற்றில் கை வைத்துப் பார்க்கவில்லை. "ஸ்கேன் நார்மல், கேஸ்தான்" என்று சொல்லி, 6,800 ரூபாய் பில்லுடன் அனுப்பிவிட்டார்கள். எந்த அறிகுறி தோன்றினால் உடனே திரும்பி வர வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதித் தரவில்லை.

மறுநாள் காலை வலி திடீரெனக் குறைந்தது. ஊசி வேலை செய்கிறது என்று நம்பி அம்மா ரசம் சாதம் பிசைந்து கொடுத்தார். மாலையில் அவனுக்குக் காய்ச்சல் 103 டிகிரியைத் தொட்டது. வயிறு பலகைபோல் இறுகிவிட்டது. 108 ஆம்புலன்ஸில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். அங்கிருந்த அறுவை மருத்துவர் வயிற்றை ஒருமுறை அழுத்திக் கையை எடுத்ததுமே, குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) வெடித்துச் சீழ் பரவிவிட்டது என்று சொல்லிவிட்டார். காலையில் வலி குறைந்ததற்கும் அந்த வெடிப்பே காரணமாக இருந்திருக்கலாம் என்றார். சிறு துளைகளோடு முடிந்திருக்க வேண்டிய சிகிச்சை, வயிற்றைத் திறந்து கழுவும் அறுவை சிகிச்சையாகி, பதினோரு நாள் படுக்கையில் முடிந்தது.

முதல் மருத்துவமனையின் அறிக்கைகளை அவரிடம் காட்டினேன். ஸ்கேன் தாளில் இருந்தது "குடல்வால் தென்படவில்லை" என்ற வரி. குடல்வாலைப் பார்க்க முடியவில்லை என்பதுதான் அதன் பொருள். குடல்வால் நன்றாக இருக்கிறது என்பது அல்ல. அதைத்தான் எங்களிடம் நார்மல் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களே எடுத்த இரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் 14,600 இருந்தன. குடல்வால் அழற்சியைக் கணிக்க 1986 முதல் மருத்துவர்கள் பயன்படுத்தும் அல்வராடோ மதிப்பீட்டில் மொத்தம் 10 புள்ளிகள்: வலி இடம் மாறியது, பசியின்மை, வாந்தி ஆகியவற்றுக்குத் தலா ஒன்று, வெள்ளை அணுக்கள் கூடியதற்கு இரண்டு. அவன் வயிற்றைத் தொட்டு வலது அடிப்பக்கத்து வலியை உணர்ந்திருந்தால் மேலும் இரண்டு சேர்ந்து 7 ஆகியிருக்கும்; குடல்வால் அழற்சி என்று வலுவாகச் சந்தேகிக்க அது போதும். வேகத்தடை வலிக்கும் பொருள் இருந்திருக்கிறது. 2012இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், வேகத்தடைகளைக் கடந்து வந்து குடல்வால் அழற்சி உறுதியான 34 பேரில் 33 பேருக்கு அங்கு வலி கூடியிருந்தது. வேறு காரணங்களாலும் அப்படி வலிக்கலாம் என்றாலும், அது கேட்டறிய வேண்டிய செய்தி. வலிநிவாரண ஊசி போட்டதை நான் குறை கூறவில்லை. அது நோயை மறைத்துவிடும் என்ற பழைய அச்சத்தைப் பிற்கால ஆய்வுகள் ஏற்கவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: வயிற்று வலியோடு யாரையாவது அழைத்துச் சென்றால், மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள். ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எப்போது திரும்பி வர வேண்டும் என்பதை எழுதி வாங்குங்கள்.

அந்தத் தனியார் மருத்துவமனையில் சிகிச்சைப் பதிவேட்டைக் கேட்டபோது முதலில் மறுத்தார்கள். நோயாளி கேட்ட 72 மணி நேரத்திற்குள் அதைத் தர வேண்டும் என்ற 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதியைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்த பிறகே நகல் கிடைத்தது. அதில் வயிற்றுப் பரிசோதனை என்ற இடத்தில், "மிருதுவாக உள்ளது, அழுத்தினால் வலி இல்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தார்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு நான் அனுப்பிய புகாரில் முதல் இணைப்பு அந்தப் பக்கம்தான்.